முகவரி இருக்க மூலம் இன்மை: காணொளித் தொகுப்பில் காணாமற்போகும் கோப்புகள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

காணொளித் தொகுப்பு மென்பொருளில், சில மாதங்களுக்கு முன் முடித்துவைத்த பணிக்கோப்பு ஒன்றை மீண்டும் திறக்கும் தொகுப்பாளர் எதிர்கொள்ளும் காட்சிகளுள் ஒன்று சிவப்புத் திரை. வெட்டுகள் இருக்கும், அவற்றின் நீளமும் வரிசையும் பிழையின்றி இருக்கும், பாடல் தொடங்கும் இடமும் முடியும் இடமும் குறிக்கப்பட்டிருக்கும். படம் மட்டும் இராது. அடோபி பிரீமியர் புரோ மென்பொருள் அவ்விடத்தில் ஊடகக் கோப்பு ‘ஆஃப்லைன்’ ஆகிவிட்டது என்னும் அறிவிப்பைப் பல மொழிகளில் அடுக்கிக் காட்டுகிறது. அவற்றுள் பிரெஞ்சு உண்டு, தமிழ் இல்லை. காரைக்கால் மாவட்டத்துச் சிற்றூரான குரும்பகரத்தில் நடந்த ஒரு திருமணத்தின் பதிவு இவ்வாறு காணாமற்போனால், அச்செய்தியைப் பாரிசிலுள்ள உறவினர் தம் வாழிட மொழியில் படிக்கலாம். ஊரிலிருப்போர் தம் மொழியில் படிக்க இயலாது.

இதனைக் கணினி தந்த புதுத் தொல்லை எனக் கொள்வதே பொதுவழக்கு. ஆயின் திரைப்படத் தொகுப்பின் வரலாற்றை நோக்கின், தொகுப்பு என்பது பெரும்பாலும் மூலப்பொருளைத் தொடாமல், அதன் முகவரியைக் கொண்டு செய்யப்படும் தொழிலாகவே இருந்துவந்துள்ளது. மாறியது முகவரி இருக்கும் இடம். ஒரு காலத்தில் அது மூலத்தின் உடலிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. பின்னர் உடலை விட்டு வெளியேறியது. கோப்புகள் காணாமற்போவதன் வரலாறு இவ்வெளியேற்றத்தின் வரலாறே என்பதனை இக்கட்டுரை தமிழ்த் திரைத்துறையையும் காரைக்கால் பகுதியையும் சான்றாகக் கொண்டு ஆராய்கிறது.

‘ஆஃப்லைன்’ – ஒரு சொல்லின் பொருள்மாற்றம்

இன்று ‘ஆஃப்லைன்’ எனின் தொடர்பற்றது, கிடைக்காதது என்று பொருள். தொகுப்பறையில் இச்சொல் இப்பொருளில் பிறக்கவில்லை. விலைமிகுந்த ஒளிபரப்புத் தரக் கருவிகளில் நேரடியாக வெட்டினால் மணிக்கணக்கில் வாடகை ஏறும். ஆகவே தரம் குறைந்த படியொன்றில் முதலில் வெட்டிப் பார்த்து, முடிவுகளை மட்டும் பட்டியலாக எழுதிக்கொண்டு, அப்பட்டியலைக் கொண்டு உயர்தர நாடாவில் இறுதிப் படத்தை ஆக்குவது வழக்கமாயிற்று. முதற்பணி ஆஃப்லைன், இறுதிப்பணி ஆன்லைன் எனப்பட்டன. அதாவது அன்று இச்சொல் ஒரு முறையின் பெயர். அதில் இழப்பு என்னும் சாயலே இல்லை. மூலம் பாதுகாப்பாக வேறிடத்தில் உள்ளது என்னும் உறுதியே அதன் அடிப்படை.

பணியின் பெயர் பொருளின் நிலைக்குப் பெயராயிற்று. பின் நிலையின் பெயர் குறையின் பெயராயிற்று. ‘வேறிடத்தில் உள்ளது’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்கும் இடையிலான வேறுபாட்டைச் சொல் இழந்துவிட்டது. மென்பொருளுக்கும் அவ்வேறுபாடு தெரியாது. வன்தட்டு அலமாரியில் உறங்கினாலும், அழிக்கப்பட்டுவிட்டாலும் அது காட்டுவது ஒரே சிவப்பைத்தான்.

விளிம்பெண்: உடலில் பொறித்த முகவரி

கோடம்பாக்கத்துத் தொகுப்பறைகளில் நெகட்டிவ் நுழைவதில்லை. படப்பிடிப்பு முடிந்ததும் நெகட்டிவ் ஆய்வகத்துக்குச் செல்லும். அங்கே பதனிடப்பட்டு, ரஷ் எனப்படும் பாசிட்டிவ் படி ஒன்று எடுக்கப்படும். தொகுப்பாளரும் உதவியாளரும் மூவியோலாவிலோ ஸ்டீன்பெக்கிலோ ஓட்டியதும், வெட்டியதும், ஒட்டியதும், கீறலுற விட்டதும் இந்தப் பாசிட்டிவையே. நெகட்டிவ் ஆய்வகத்தின் குளிர்ந்த அறையில் தொடப்படாமல் இருக்கும்.

இவ்விரண்டையும் இணைத்தது விளிம்பெண். 35 மி.மீ. படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள். ஒவ்வோர் அடிக்கும் ஓர் எண்ணைச் சுருள் தயாரிப்பாளரே விளிம்பில் ஒளியால் பொறித்துவிடுவர். பதனிடும்போது அது படத்தோடு சேர்ந்து தோன்றும். பாசிட்டிவ் எடுக்கும்போது அதன் விளிம்பிலும் பதியும். 1920 வாக்கில் வழக்குக்கு வந்த இம்முறை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கண்ணால் படிக்கப்பட்டது. 1990இல் கோடாக் நிறுவனம் ‘கீகோடு’ என்னும் பட்டைக்குறியை அதனோடு சேர்த்தபின் கருவியாலும் படிக்கப்பட்டது. படத்தொகுப்பு முடிந்ததும் நெகட்டிவ் வெட்டுநர் பாசிட்டிவின் எண்களைப் பார்த்து, அதே எண்ணுள்ள நெகட்டிவைத் தேடியெடுத்து வெட்டுவார். பசையிட்டு ஒட்டும் முறையில் ஒவ்வொரு வெட்டின் இருபுறமும் ஒரு சட்டம் வீணாகும். ஆகவே ஒருமுறை வெட்டியதைத் திரும்ப ஒட்டி முன்னிருந்தவாறே ஆக்க முடியாது. எண்ணைத் தவறாகப் படிப்பதன் விலை அத்தகையது.

இம்முறையில் ‘காணாமற்போதல்’ இல்லாமலில்லை. பாசிட்டிவ் துண்டு தொகுப்பறையில் தொலையும், புரொஜெக்டரில் கிழியும். அப்போது செய்வது எளிது: உதவியாளரின் குறிப்பேட்டில் உள்ள எண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பி அப்பகுதிக்கு மறுபடி ஒரு படி எடுப்பர். தகரப் பெட்டியின் மேலிருந்த சீட்டு உரிந்துபோனாலும், குறிப்பேடே தொலைந்தாலும், சுருளை வெளிச்சத்தில் பிடித்தால் எண் தெரியும். மூலத்தை மூலமே அடையாளம் காட்டியது. உதவித் தொகுப்பாளர் என்னும் பதவியின் பாதி வேலை இந்த எண்களைப் பேணுவதே. தமிழ்த் திரைப்பட வரலாறுகள் இவ்வுழைப்புக்கு ஒரு பத்தியும் ஒதுக்காதது பெருங்குறை.

நெகட்டிவே அழிந்தால் நிலைமை வேறு. 1910களின் பிற்பகுதியில் ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ இன்று இல்லை. 1923இல் அவருடைய படப்பிடிப்பகம் தீக்கிரையானது. 1931 அக்டோபர் 31 அன்று வெளியான ‘காளிதாஸ்’ தமிழில் பேசிய முதற்படம் என வரலாற்றில் இடம்பெற்றும் அதன் படி ஒன்றும் எஞ்சவில்லை. நைட்ரேட் சுருளின் எளிதில் தீப்பற்றும் இயல்பும், வெள்ளிக்காகப் பழஞ்சுருள்களை விற்ற வணிக வழக்கமும் அக்காலப் படங்களுள் பெரும்பாலானவற்றை விழுங்கின. இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் புனேயில் தோன்றியது. 2003 சனவரியில் புனே திரைப்படக் கல்லூரி வளாகத்துக் கிடங்கில் மூண்ட தீயில், அதுவரை தப்பியிருந்த நைட்ரேட் சுருள்கள் பலவும் அழிந்தன.

படம் அழிந்தும் எஞ்சியவை பாட்டுப் புத்தகங்கள். கொட்டகை வாயிலில் சில காசுக்கு விற்ற இச்சிறு நூல்களில் நடிகர் பெயர்களும் பாடல்களும் கதைச் சுருக்கமும் இருக்கும். சுருக்கத்தை நடுவில் நிறுத்தி, எஞ்சியதைத் திரையில் காணுமாறு வாசகருக்குச் சொல்லி முடிப்பது அந்நூல்களின் மரபு. இன்று ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அவற்றைப் படிப்பவர் அவ்வரியை அடையும்போது, வரி சுட்டும் திரை பல படங்களுக்கு இல்லாமற்போயிருப்பதை உணர்வார். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் திரட்டிய நிழற்படங்களும் பட்டியல்களும் இவ்வகையினவே. பல படங்களைப் பொறுத்தவரை தமிழ்த் திரைப்பட வரலாறு மூலமற்ற முகவரிகளைக் கொண்டு எழுதப்பட்ட வரலாறாகும்.

நாடாவும் நேரக்குறியும்

1956இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் காட்சிநாடாப் பதிவுக் கருவியை வெளியிட்டது. நாடாவில் படம் கண்ணுக்குத் தெரியாது. விளிம்பில் எண்ணும் இல்லை. 1967 வாக்கில் உருவாகிப் பின்னர் தரப்படுத்தப்பட்ட நேரக்குறி அக்குறையைத் தீர்த்தது. மணி, நிமிடம், நொடி, சட்டம் என்னும் நான்கு இரட்டை எண்கள் ஒவ்வொரு சட்டத்துக்கும் உரிய முகவரியாக நாடாவிலேயே பதிவாயின. முகவரி இன்னும் உடலில்தான் இருந்தது. ஆயின் அதனைப் படிக்கக் கருவி வேண்டும்.

1971இல் வெளிவந்த சி.எம்.எக்ஸ். 600 கணினிவழித் தொகுப்பின் முதற்கருவி எனலாம். சி.பி.எஸ்., மெமோரெக்ஸ் என்னும் இரு நிறுவனங்களின் கூட்டுமுயற்சி அது. அலமாரி அலமாரியாக நின்ற அதன் காந்தத்தட்டுகளில் தரம் குறைந்த கருப்புவெள்ளைப் படம் ஏறத்தாழ அரைமணி நேரத்துக்கே அடங்கும். அக்கருவியின் விளைபொருள் படமன்று. எந்த நாடாவில் எங்குத் தொடங்கி எங்கு முடிப்பது என்னும் முடிவுகளின் பட்டியல். இன்றைய பணிக்கோப்பின் முன்னோடி இப்பட்டியலே.

பின்னர் பரவலாக வழங்கிய சி.எம்.எக்ஸ். 3600 பட்டியல் வடிவில் நாடாவின் பெயருக்கு எட்டு எழுத்துகளே இடம். ஒரு பட்டியலில் 999 வெட்டுகளே அடங்கும். இந்த எட்டெழுத்து எல்லை சிறிய செய்தியன்று. நேரக்குறி நாடாவுக்குள் இருந்தது. நாடாவின் பெயரோ அதன் முதுகில் ஒட்டிய சீட்டில் இருந்தது. இரு நாடாக்களுக்கு ஒரே பெயரிட்டால், ஒரே நேரக்குறிக்கு இரண்டு படங்கள் கிடைக்கும். முகவரியின் ஒரு பகுதி முதன்முதலாக உடலை விட்டு வெளியேறியது இங்கேதான்.

நாடாவுக்கு மற்றொரு இயல்பும் உண்டு. மேலே மீண்டும் பதியலாம். பிபிசி போன்ற நிறுவனங்களே 1960களிலும் 70களிலும் நாடாச் செலவைக் கருதித் தம் நிகழ்ச்சிகளை அழித்து மேலெழுதின. திருமணங்களைப் பதிவு செய்த சிற்றூர்க் கலைஞர்களை இதன்பொருட்டுக் குறைகூறுதல் பொருந்தாது. 1995இல் வந்த டி.வி. வடிவமும் அதன் சிறு பேழைகளும் அவர்களுக்கு நல்லதொரு வாய்ப்பைத் தந்தன என்பதே நோக்கத்தக்கது. ஒரு மணி நேரப் பதிவு கணினியில் ஏறத்தாழ 13 ஜிகாபைட் இடம் கொள்ளும். அன்றைய வன்தட்டுகளில் அது பெரும்பாரம். ஆகவே பணி முடிந்ததும் கோப்புகளை அழித்துவிட்டுப் பேழையையும் பணிக்கோப்பையும் மட்டும் வைத்துக்கொண்டனர். மீண்டும் தேவைப்படின் பேழையைக் கருவியில் இட்டால், நேரக்குறியைக் கொண்டு மென்பொருளே வேண்டிய பகுதிகளை மட்டும் திரும்ப ஏற்றிக்கொள்ளும். கோப்பு காணாமற்போதல் இங்கு எதிர்பார்க்கப்பட்ட, திட்டமிடப்பட்ட நிலை. பேழையின் நடுவே பதிவை நிறுத்திச் சற்று இடைவெளி விட்டுத் தொடங்கியிருந்தால் நேரக்குறி அறுந்து மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். அப்போது மட்டும் தாலி கட்டும் காட்சிக்குப் பதில் வரவேற்பு வளைவு வந்து நிற்கும்.

‘மகாநதி’யும் அவிட் கருவியும்

1989இல் அமெரிக்காவில் அறிமுகமான அவிட், படத்தை வன்தட்டில் ஏற்றி எந்த வெட்டையும் எந்நேரமும் மாற்ற இடந்தந்தது. 1994 பொங்கலன்று வெளியான ‘மகாநதி’ இந்தியாவில் இக்கருவியைப் பயன்படுத்திய முதற்படம் எனப் பரவலாகக் கூறப்படுகிறது. அடுத்த சில ஆண்டுகளில் சென்னைத் தொகுப்பறைகளில் மூவியோலா ஓரத்துக்கு நகர்ந்தது.

இம்மாற்றத்தின்போது படப்பிடிப்பு மட்டும் சுருளிலேயே நீடித்தது. நெகட்டிவிலிருந்து டெலிசினி வழியே நாடாவுக்கு மாற்றி, நாடாவிலிருந்து அவிட்டில் ஏற்றினர். ஒரே சட்டத்துக்கு விளிம்பெண், நேரக்குறி, கணினி தந்த அடையாளம் என மூன்று முகவரிகள். நொடிக்கு 24 சட்டமாக எடுத்த படம் இந்தியத் தொலைக்காட்சித் தரத்தில் 25 சட்டமாக ஓடும் என்பதால் எண்களைப் பொருத்துவதில் ஒரு சட்டம் பிசகினும் வெட்டப்படுவது மீட்கவியலாத நெகட்டிவ். சென்னையின் உதவித் தொகுப்பாளர்கள் பல ஆண்டுகள் இம்மூன்று கணக்கையும் ஒருங்கே வைத்திருந்தனர். கணினி வந்ததால் அவர்கள் வேலை குறைந்தது எனல் அக்காலத்துக்குப் பொருந்தாது.

அவிட் ஒரு முடிவைத் தொடக்கத்திலேயே எடுத்தது. ஊடகக் கோப்புகளைத் தொகுப்பாளர் விரும்பிய இடத்தில் வைக்க விடாது. தனக்கென ஒரு கோப்புறையை அமைத்து, அதில் தானே பெயரிட்டு வைக்கும். ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியிலும் உலகில் வேறெதற்கும் வாய்க்காத நீண்ட அடையாள எண் எழுதப்படும். பணிக்கோப்பு தேடுவது அவ்வெண்ணையே. ஆகவே வன்தட்டின் பெயர் மாறினும் கோப்பு கிடைக்கும். கோப்புறையிலுள்ள அட்டவணைக் கோப்புகள் பழுதுற்றால் அவற்றை அழித்துவிட்டால் போதும். மென்பொருள் எல்லாக் கோப்புகளையும் திறந்து படித்துப் புதிதாக அட்டவணை எழுதிக்கொள்ளும். விளிம்பெண்ணின் அறிவு இங்குத் தொடர்வதனைக் காணலாம்.

பாதை என்னும் முகவரி

1991இல் வெளிவந்த பிரீமியரும் 1999இல் வெளிவந்த ஃபைனல் கட் புரோவும் பயனாளரின் வசதியை முன்னிறுத்தின. கோப்பு எங்கிருந்தாலும் அங்கேயே இருக்கட்டும். எந்த வன்தட்டில், எந்தக் கோப்புறையில், என்ன பெயரில் என்னும் பாதையை மட்டும் குறித்துக்கொள்வோம் என்பது இவற்றின் நெறி. சிறு தொகுப்பகங்களுக்கு இது பெரும் விடுதலை. ஊர்தோறும் திருமணக் காணொளித் தொழில் பெருகியதில் இதற்குப் பங்குண்டு. ஆயின் முகவரி இப்போது முழுமையாக உடலுக்கு வெளியே வந்துவிட்டது.

விண்டோஸ் இயங்குதளம் வெளி வன்தட்டுக்கு வழங்கும் எழுத்து செருகும் வரிசையைப் பொறுத்து மாறக்கூடும். நேற்று ‘ஈ’ இன்று ‘எஃப்’. படம் அப்படியே இருக்க, முகவரி பொய்யாகிறது. இதற்கான மருந்து எளியது. ஒரு கோப்பின் புதிய இடத்தைக் காட்டினால், அதே அமைப்பிலுள்ள ஏனைய கோப்புகளை மென்பொருள் தானே கண்டுகொள்ளும்; வட்டுக்குப் பழைய எழுத்தையே திரும்ப வழங்கினால் அதுவும் வேண்டா. பணி நடுவே கோப்புறைப் பெயரை மாற்றாதிருத்தலும், ஒரு பணிக்குரிய அனைத்தையும் ஒரே கோப்புறையின்கீழ் வைத்தலும் தொழில்முறை ஒழுக்கங்களாயின.

பெயரே முகவரியாகும்போது எழுத்துக்கூட்டல் வரலாற்றுச் சிக்கலாகிறது. காரைக்கால் இதற்குத் தக்க சான்று. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த இப்பகுதியில் 1880இல் நகராட்சிகள் அமைக்கப்பட்டபோது திருமலைராயன்பட்டினத்தின் ஆவணப்பெயர் ‘லா கிராந்த் ஆல்தே’, அதாவது பேரூர். தமிழ்ப் பெயரை வைத்து அதனைத் தேடுபவருக்கு அது அகப்படாது. குரும்பகரத்தின் பெயர் அவ்வளவு விலகவில்லை; எனினும் பிரெஞ்சு முறையில் உகரத்துக்கு இரண்டு எழுத்துகள் வேண்டும், ஆங்கில முறையில் ஒன்று போதும்; ககர ஒலியை எழுதுவதிலும் இரு வழக்குகள் உண்டு. மனிதக் கண் இவ்வடிவங்களை ஒன்றெனக் கொள்ளும். கணினிக்கு அவை வெவ்வேறு ஊர்கள்.

தமிழ் எழுத்திலேயே பெயரிட்டால் தீருமா எனின், அங்கும் ஒரு நுட்பம் உண்டு. ஒருங்குறியில் ஒ, ஓ, ஔ ஆகியவற்றின் உயிர்க்குறிகளை இருவகையாகக் குறிக்கலாம்: ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம்; ஒற்றைக்கொம்பு, கால் எனப் பிரித்து இரு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆப்பிள் நிறுவனம் 1998 முதல் வழங்கிய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. விண்டோஸ் இட்டவாறே வைத்துக்கொள்கிறது. ஆகவே ஒரு கணினியில் ‘கோட்டுச்சேரி’ எனப் பெயரிட்ட கோப்புறையை மற்றொரு கணினியின் பணிக்கோப்பு, கண்ணெதிரே இருந்தும், காணாமல் நிற்கும் வாய்ப்புண்டு. ‘குரும்பகரம்’, ‘காரைக்கால்’ என்னும் பெயர்களில் அக்குறிகள் இல்லை, அவை தப்பும். ஆப்பிள் 2017இல் புகுத்திய புதிய முறைமை இவ்விரு வடிவங்களையும் ஒன்றாகக் கொள்கிறது. பழைய வட்டுகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. பாடவேறுபாட்டை எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கிய மரபினருக்கு, கண்ணுக்குத் தெரியாத இப்பாடவேறுபாடு ஆர்வமூட்டக் கூடும்.

தவறான இணைப்பு

கோப்பு கிடைக்காமையினும் தீயது, வேறு கோப்பு கிடைத்தல். ஏ.வி.சி.எச்.டி. முறைக் கருவிகளில் முதற்பதிவின் பெயர் ஐந்து சுழிகள். ஒவ்வொரு புதிய அட்டையிலும் எண் மீண்டும் சுழியிலிருந்தே தொடங்கும். முகூர்த்தம் ஓர் அட்டையிலும் வரவேற்பு மற்றோர் அட்டையிலும் இருந்தால் இரண்டிலும் ஒரே பெயருள்ள கோப்புகள் இருக்கும். இவற்றைக் கோப்புறை பிரிக்காமல் வைத்துவிட்டு, ஈராண்டு கழித்துப் பெயரை மட்டும் கொண்டு இணைக்குமாறு பணித்தால், மென்பொருள் தயங்காமல் இணைத்துவிடும். சிவப்பு மறையும், படம் ஓடும், ஆனால் அது வேறு படம். புதிய மென்பொருள்கள் பெயரோடு நேரக்குறி, நாடாப்பெயர், கால அளவு ஆகியவற்றையும் ஒப்பிட இடந்தருவது இதனால்தான். அவ்விருப்பங்களை நீக்கிவிட்டு இணைப்பது விரைவானது; தொகுப்பகங்களில் அதுவே மிகுதியும் நடக்கிறது.

தமிழ்ப் பதிப்பு வரலாறு இவ்விடத்தில் ஒப்பிடத்தக்கது. உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் இல்லை. 1903இல் வந்த ஐங்குறுநூற்றில் 129, 130 ஆம் பாடல்கள் இல்லை. 1904இல் வந்த பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. பின்வந்த பாடல்களை முன்னே தள்ளி எண்களை நிரப்பியிருக்கலாம். நூல் குறையற்றதாகத் தோன்றியிருக்கும். அவ்வாறு செய்யவில்லை. எண் அதன் இடத்திலேயே நின்றது. பாடலின் இடம் வெறுமையாக விடப்பட்டது. ஏட்டிலிருந்த முகவரியை மதித்து, மூலம் இல்லை என்பதனை வெளிப்பட அறிவிக்கும் அந்நெறி, தொகுப்பு மென்பொருளின் சிவப்புத் திரையோடு ஒத்தது. அதனைத் தொல்லையாக அன்றி நேர்மையாகக் காண இடமுண்டு.

மீளிணைப்புக்கும் இம்மரபில் ஒப்புமை உண்டு. நற்றிணையின் 234 ஆம் பாடல் ஏடுகளில் கிடைக்கவில்லை. இறையனார் களவியல் உரையில் மேற்கோளாக வரும் பாடலொன்றே அது எனக் கருதுவோர் உளர். திணை, துறை, அடியளவு ஆகியவற்றைக் கொண்டு பொருத்திப் பார்க்கும் முயற்சி அது. பெயரால் அன்றி உள்ளடக்கத்தால் இணைத்தல். அவ்விணைப்பை ஏற்போரும் அதனை ஐயக்குறியோடே ஏற்கின்றனர். மென்பொருளுக்கு ஐயக்குறி இல்லை.

மூலம் அற்ற காலம்

சுருளுக்கு நெகட்டிவும் நாடாவுக்குப் பேழையும் பின்னின்றன. கோப்பு தொலைந்தால் திரும்பிச் செல்ல ஓரிடம் இருந்தது. நினைவக அட்டை அவ்விடத்தை நீக்கிவிட்டது. 2004இல் பானாசோனிக் பி2 அட்டைகளை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டில் தமிழில் பி.சி. ஸ்ரீராமின் ‘வானம் வசப்படும்’ எண்முறைக் கருவியில் எடுக்கப்பட்டு வெளியாயிற்று. 2013இல் ஃபூஜிஃபிலிம் திரைப்படச் சுருள் உற்பத்தியை நிறுத்தியது. அட்டையின் விலை மிகுதி. ஆகவே படியெடுத்ததும் அது துடைக்கப்பட்டு மறுநாள் படப்பிடிப்புக்குச் செல்லும். மூலம் என ஒரு பொருள் இனி இல்லை, படிகளே உள்ளன. ‘கர்ணன்’ (1964) அரைநூற்றாண்டுக்குப் பின் பழுதுற்ற சுருள்களிலிருந்து சீரமைக்கப்பட்டு 2012இல் கொட்டகைகளில் ஓடியது. பழுதுற்றாலும் சுருள் ஓரளவு படம் தரும். பழுதுற்ற வன்தட்டோ பெரும்பாலும் ஒன்றும் தராது.

பெருநிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகளுள் பெரும்பகுதி ஒரு தவறான கட்டளையால் அழிந்தது. காப்புப் பதிவும் சரிவர இயங்கவில்லை எனத் தெரியவந்தது. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து பணியாற்றிய கேலின் சுஸ்மன் தம் வீட்டுக் கணினியில் வைத்திருந்த படியே படத்தை மீட்டது. திட்டமிட்ட காப்பு தவற, தற்செயலான இரண்டாம் படி காத்தது.

மூன்று படிகள், இரு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என இன்று ஓதப்படும் விதியை ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் இருபதாண்டுகளுக்கு முன் பரப்பினார். காரைக்காலுக்கு இவ்விதியின் கடைப்பகுதி புதிதன்று. 1776 ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசாணை, குடியேற்றங்களின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளுக்கும் பத்திரங்களுக்கும் கூடுதல் படி எழுதிப் பிரான்சுக்கு அனுப்புமாறு பணித்தது. வெப்பம், ஈரம், கரையான், போர் ஆகியவை தாள்களைத் தின்பதை அறிந்து செய்த ஏற்பாடு அது. அவ்வாறு சென்ற படிகள் இன்று எக்ஸ்-ஆன்-புரோவான்சு நகரில் உள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றின் உருப்படிகள் இணையத்திலும் பார்வைக்குக் கிடைக்கின்றன. காரைக்கால் குடும்பங்கள் பல தம் முன்னோரின் திருமண நாளை அங்கிருந்தே அறிகின்றன. அதற்கும் ஊர்ப்பெயரின் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலைத் தெரிந்திருக்க வேண்டும்.

பதிவேட்டுக்கு இரண்டாம் படி எழுத அரசு ஆணையிட்டது. திருமணக் காணொளிக்கு அவ்வாறு ஆணையிடுவார் இல்லை. இதில் ஒரு முரண் உண்டு. பணிக்கோப்பு சில மெகாபைட்டே என்பதால் தொகுப்பகம் அதனைப் பல ஆண்டுகள் வைத்திருக்கிறது. மூலக் கோப்புகள் இடத்தை அடைப்பதால் பணம் பெற்று வட்டை ஒப்படைத்தபின் அழிக்கப்படுகின்றன. வாடிக்கையாளர் கையில் இருப்பது மூன்று மணி நேரமாகச் சுருக்கி, பாடல் ஏற்றி, அழுத்திய படி. வெட்டி எறிந்த பகுதிகளில்தான் பந்தலில் அமர்ந்திருந்த முதியோரின் பேச்சும், சமையற்கட்டின் ஓசையும், சடங்கின் நடுவே எழுந்த சிறு பூசலும் இருந்திருக்கும். கடலோரக் காற்றின் ஈரம் வி.எச்.எஸ். நாடாக்களில் பூஞ்சணம் படர விடுகிறது. 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு போன்ற மீனவ ஊர்களுக்குள் புகுந்தபோது வீடுகளோடு அவற்றிலிருந்த ஒளிப்படங்களும் நாடாக்களும் போயின. சிற்றூர் மக்களின் பேச்சும் நடையும் உடையும் இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் எவ்வாறிருந்தன என ஆராய விரும்புவோருக்கு இப்பதிவுகளுக்கு ஈடான சான்று மிகக் குறைவு. ஆயினும் கல்வெட்டையும் ஓலையையும் திரட்டும் நிறுவனங்களின் பார்வை இன்னும் இவற்றின்மேல் திரும்பவில்லை.

முகவரியை மீண்டும் உடலோடு சேர்க்கும் முயற்சியும் நடைபெறுகிறது. கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டுப் பெறும் ‘ஹாஷ்’ என்னும் எண், கோப்பின் பெயரோ இடமோ மாறினும் மாறாது. உள்ளே ஒரு துணுக்கு மாறினும் மாறிவிடும். படப்பிடிப்புத் தளத்தில் அட்டையிலிருந்து படியெடுக்கும்போதே இவ்வெண்களைப் பட்டியலிடுவது பெரிய படங்களில் வழக்கமாகிவிட்டது. விளிம்பெண் படச்சுருளின்மேல் பொறித்தது. இதுவோ படத்திலிருந்தே பிறப்பது. இதனைக் கணக்கிடும் மென்பொருள்கள் பல விலையின்றிக் கிடைக்கின்றன. ஒரு திருமணத்தின் கோப்புகளுக்கு அவை எடுத்துக்கொள்வது ஒரு வேளை உணவுக்கான நேரம். அந்நேரத்தில் தொகுப்பகத்தின் அடுத்த வாடிக்கையாளர் வாயிலில் காத்திருக்கிறார்.